ஏன் என்று கேட்க ஒரு நாதி

“நல்லா அழுத்தி வைங்க பாட்டி” என்கிறார் ரேஷன் கடைக்காரர். பாட்டி அழுத்தித்தான் வைக்கிறார். கருவி ஏற்கவில்லை. முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி கட்டைவிரல், அப்புறம் ஆள்காட்டி விரல், அப்புறம் இடது கை. வரிசையில் நிற்பவர்கள் முதலில் யோசனை சொல்கிறார்கள், பிறகு பெருமூச்சு விடுகிறார்கள். நாற்பது வருடம் கொழுந்து பறித்த கை அது. காம்பை ஒடித்து ஒடித்து ரேகை தேய்ந்துபோய், மிச்சமிருக்கும் வரிகளுக்குள் தேயிலைக் கறை கறுப்பாக இறங்கியிருக்கிறது. கடைசியில் கடைக்காரர், “சர்வர் வேற ஸ்லோவா இருக்கு, நாளைக்கு வந்து பாருங்க” என்கிறார். அவர்மேலும் தப்பில்லை, அவர் கையில் இருப்பது ஒரு மெஷின்தான்.

நாளைக்கு வருவது என்றால், கோத்தகிரிக்குக் கீழே, லயன் என்று சொல்லும் எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து செடிகளுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் முக்கால் மணி நேரம் ஏறி வருவது. முட்டிவலியோடு.

அன்று வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் பாட்டியோடு வெளியே வந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். “வீட்ல வேற யாரு இருக்கா பாட்டி?” என்று கேட்டார். “யாருமில்ல தம்பி. பையன் திருப்பூர்ல.” கண்டக்டர் தன் பையிலிருந்து நீளமான ஒரு கணக்கு நோட்டை எடுத்து, லயன் நம்பரையும் வழியையும் எழுதிக்கொண்டார். அந்த வியாழக்கிழமையே பாட்டியின் வீட்டு வாசலில் அவர் நின்றார்.

அவரும், ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையும், மருந்துக்கடைக்காரர் ஒருவரும், சொந்த ஜீப் வைத்திருக்கும் ஒருவரும், இன்னும் இரண்டு மூன்று பேரும் சேர்ந்து நடத்துவது ஒரு சிறு அறக்கட்டளை. பெயர் போட வேண்டாம் என்றார்கள், போடவில்லை. அலுவலகம் கிடையாது, மருந்துக்கடையின் பின்னறைதான். பார்க்கிற வீடுகள் எல்லாம் அந்த ஒரு நோட்டுக்குள் அடங்கிவிடும். சில வாரங்கள் அவர்களோடு நடந்து பார்த்ததில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

‘ஏன்னு கேக்க நாதியில்ல’ என்று நாம் சொல்வோம் இல்லையா? அந்த ‘நாதி’ என்ற சொல்லில் பணமும் ஆளும் ஒன்றாகவே கிடக்கின்றன. அரசுப் படிவங்களில் வறுமைக்கு ஒரு கட்டம், தனிமைக்குக் கட்டமே இல்லை. மலையில் இவை இரண்டையும் பிரிக்க முடியாது. பாட்டிக்கு ரேஷன் அரிசி உண்டு, முதியோர் உதவித்தொகைக்குத் தகுதி உண்டு, எஸ்டேட்டில் வேலை பார்த்ததற்கான பணிக்கொடையும் வரவேண்டும். எல்லாம் அவருடையதுதான். போய் வாங்கி வர ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான். அறக்கட்டளை பெரும்பாலும் தன் பணத்தைக் கொடுப்பதில்லை. பாட்டி போன்றவர்களுக்கு உரியதை அவர்களிடம் சேர்க்க நடக்கிறது.

ஏன் இத்தனை பேர் தனியாக இருக்கிறார்கள்? 2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,62,141. 2011இல் 7,35,394. அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டில் ஆள் குறைந்த ஒரே மாவட்டம் இதுதான். சீசனுக்கு வந்து டிராஃபிக்கில் மாட்டிக்கொள்பவர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நீலகிரித் தேயிலையை மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்த சோவியத் யூனியன் 1991இல் உடைந்தது. 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்து, அதன்பிறகு பழைய நிலைக்கு நிமிரவே இல்லை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருந்தவர்களின் பிள்ளைகளும், எஸ்டேட் தொழிலாளர்களின் பிள்ளைகளும் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் இறங்கினார்கள். கீழே பனியன் கம்பெனியில் வேலை, ஒரே அறையில் நான்கு பேர். அந்த அறைக்கு அம்மாவை எப்படிக் கூட்டிப்போவது? பையனைக் குறை சொல்லி ஒரு பத்தி எழுதுவது சுலபம். நான் எழுத மாட்டேன்.

லயன் வீடுகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு பிரிவும் உண்டு. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொண்டது. 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதாகச் சொன்னது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. ஆட்களைப் பங்கிடும்போது குடும்பங்களும் பங்காகின. அக்கா அங்கே, தங்கை இங்கே. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் பல ஆயிரம் பேர் தெரிந்த தொழிலைத் தேடி நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னாளில் அதுதான் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. தனியார் எஸ்டேட்டுகளுக்குப் போனவர்களும் உண்டு. 1980களின் நடுவில் போர் வந்து கப்பலும் நின்றுவிட, மறுகரைச் சொந்தம் கடிதத்தோடு தேய்ந்துபோனது.

நம் பாட்டி அப்படி வந்தவர். கப்பல் ஏறியபோது பதினாறோ பதினேழோ என்கிறார். ஆதாரில் 67 வயது போட்டிருக்கிறது, அதுவும் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது. இந்த ஒரு எண்ணுக்குப் பின்னால் எவ்வளவு சிக்கல் என்று பாருங்கள். 2025 ஆகஸ்டில் அரசு ‘தாயுமானவர்’ திட்டத்தைத் தொடங்கியது. தொடங்கியபோது, 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டுக்கே வரும் என்றார்கள். நல்ல திட்டம், நிறையப் பேர் வாழ்த்துகிறார்கள். அந்தக் கணக்குப்படி பாட்டிக்கு மூன்று வயது குறைந்தது. சரி, வயது தகுதியானாலும் வண்டி எதுவரை வரும்? ரோடு இருக்கும்வரை. ரோடு முடிகிற இடத்திலிருந்து லயன்வரை யாராவது தலையில் தூக்க வேண்டும்.

கண்டக்டர் அந்த வியாழக்கிழமை செய்த முதல் வேலை ஒரு படிவம் நிரப்பியது. கடைக்கு வர முடியாதவர்கள், தனக்குப் பதிலாக இன்னார் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுக்கலாம். 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக் கடைகளில் கைரேகை முறை வந்ததிலிருந்தே இதற்கெல்லாம் மாற்று ஏற்பாடு உண்டு. செல்போனுக்கு வரும் எண், பிறகு கருவிழி பார்க்கும் கருவி, இந்தப் படிவம். பாட்டியிடம் செல்போன் இருந்தது, அதில் ரீசார்ஜ் இல்லை. ஆதாரோடு இணைத்திருந்த நம்பர் பையனுடையது. அதனால் ஒவ்வொரு மாதமும் கடையிலிருந்து போகும் எண் திருப்பூரில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆனது. பக்கத்து லயனில் இன்னும் வேலைக்குப் போகும் ஒரு பெண் பாட்டிக்காக வாங்கி வர ஒப்புக்கொண்டார். தனி ஆள் அட்டைக்கு 12 கிலோ அரிசி. அதைத் தூக்கிவரும் நாளில் அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து பாட்டி சோறாக்கி வைக்கிறார் என்பது நோட்டில் இல்லாத தகவல்.

அடுத்தது உதவித்தொகை. முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு, 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 200 ரூபாய். 2007இலிருந்து அந்த 200 அசையவே இல்லை, மீதி மாநிலத்தின் பணம். மனு போடும்போது வரும் முதல் கேள்வி, “பையன் இருக்கானே?” இருக்கிறான், ஆனால் அனுப்புவதற்கு அவனிடம் இல்லை என்பதை விசாரிக்க வருபவரிடம் தெளிவாகச் சொல்ல ஒருவர் கூட இருக்க வேண்டும். ஆசிரியை அதற்குத்தான் போவார். மனுவைவிட, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குத்தான் மதிப்பு அதிகம் என்பார் அவர்.

இங்கே தபால்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பெல்லாம் இந்தப் பணம் மணியார்டரில் வந்தது. தபால்காரர் லயனுக்கே நடந்து வருவார், கையில் எண்ணிக் கொடுப்பார், பத்தோ இருபதோ தனக்கு எடுத்துக்கொள்வார். வங்கிக் கணக்குக்கு மாற்றியதும் அந்தப் பத்து ரூபாய் பிடித்தம் நின்றது. வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயம்தான். கூடவே, மாதத்தில் ஒருமுறை வாசலுக்கு வந்து ‘ஆள் நல்லா இருக்கா’ என்று பார்த்த ஒருவரும் நின்றுபோனார். இதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரிய சிக்கல், வீடும் பணிக்கொடையும். 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலையிலிருப்பவருக்கு எஸ்டேட் வீடு தர வேண்டும் என்றது. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காலி செய்துவிட்டு எங்கே போவது? ஊர் என்று ஒன்று இல்லை. இலங்கையில் மூன்று தலைமுறை, இங்கே ஒரு தலைமுறை, இரண்டிலும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. வீட்டைக் கொடுத்தால்தான் பணிக்கொடை என்கிறது நிர்வாகம், பணிக்கொடை வந்தால்தான் வாடகைக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியும் என்கிறார் தொழிலாளி. இப்படியே வருடங்கள் ஓடுகின்றன. பாட்டி வேலை பார்த்த காலத்தில் இருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்குப்படி ஒவ்வொரு வருட வேலைக்கும் 15 நாள் கூலி. கடைசிக் கூலி நாளுக்கு 200 ரூபாய்தான் என்று வைத்தாலும் 39 வருடத்துக்கு 1,17,000 ரூபாய். பாட்டி போன்றவர்கள் வாழ்நாளில் ஒரே தடவையாகப் பார்க்கக்கூடிய பெரிய தொகை அதுதான். அதற்காகக் குன்னூரில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு மனு போகும். சம்பளச் சீட்டு கேட்பார்கள். சம்பளச் சீட்டை எந்தப் பாட்டி எடுத்து வைத்திருக்கிறார்? இந்தப் பாட்டி வைத்திருந்தார். பிஸ்கட் டப்பாவுக்குள், கப்பலில் வந்திறங்கியபோது மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டைக்குக் கீழே. மருந்துக்கடைக்காரர் அன்று சந்தோஷத்தில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

இந்த மலையில் தொண்டு நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கம் 1958இலேயே தொடங்கியது. கூடலூரில் அக்கார்ட் அமைப்பும், 1990இல் வந்த ஆதிவாசி மருத்துவமனையும் பழங்குடி மக்களே நடத்தும் அளவுக்கு வளர்ந்தவை. பெரிய வேலைகள் அவை. ஆனால் லயனில் தனியாக இருப்பவர் பழங்குடியும் இல்லை, நிலமுள்ள சிறு விவசாயியும் இல்லை. தொழிற்சங்கமும் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும்வரைதான் தேடிவரும். எந்தத் திட்டத்தின் வரையறைக்குள்ளும் முழுசாக உட்காராத இந்த ஆட்களைத்தான் நோட்டு தேடிப் பிடிக்கிறது.

எப்படித் தேடுகிறார்கள்? சர்வே எதுவும் கிடையாது. கண்டக்டருக்குத் தன் பழைய ரூட்டில் யார் சமீபத்தில் பஸ் ஏறவில்லை என்று இன்னும் தெரியும். பால்காரர் சொல்வார், “மூணு நாளா சட்டி வெளியில வைக்கல.” மளிகைக் கடையில் கடன் நோட்டு திடீரென்று நின்றுபோனால் அது ஒரு அடையாளம். கடன் வாங்குகிறவரை ஆள் நடமாடுகிறார் என்று அர்த்தம். 2021 ஆகஸ்டில் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பெண்கள் இப்போது நிறையத் தகவல் தருகிறார்கள். அவர்கள் மாத்திரை கொடுக்கிறார்கள், அதைச் சாப்பிட்டார்களா என்று வியாழக்கிழமை பார்க்கப்படுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்காக ஆசிரியை மாத்திரை அட்டையின் பின்னால் சூரியனும் நிலாவும் வரைந்திருந்தார். தாத்தா நிலாவைப் பார்த்து, “இது பிறையா இருக்கே, பௌர்ணமிக்கு வேற மாத்திரையா?” என்று கேட்டாராம்.

போவதற்கு இரண்டு விதிகள். ஒரு வீட்டுக்கு வாராவாரம் அதே ஆள்தான் போக வேண்டும், நாளும் மாறக்கூடாது. அரிசியோ போர்வையோ கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போக வேண்டும். ‘எதுவும் கொண்டுவராம வந்தா என்ன நெனைப்பாங்க’ என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் தயங்குவார்களாம். வெறுங்கையோடு மூன்றாவது முறை போகும்போதுதான் பேச்சே தொடங்கும் என்கிறார் கண்டக்டர். நகம் வெட்டி விடுவது, போனுக்கு சார்ஜ், பையனுக்கு ஒரு கால், கண்ணாடியின் திருகை முடுக்குவது. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் முதலில் பார்ப்பது அடுப்பை. குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கி, அதன் புகையில் உயிர்விட்டவர்களின் செய்தி மலையில் வருடாவருடம் வருகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ இல்லை. அதனால் படுக்கும் முன் அடுப்பை வெளியில் வைக்கச் சொல்லி, ஜன்னலில் ஒரு விரல் அகலத்துக்கு மரக்குச்சியைச் செருகிவிட்டு வருகிறார்கள். நான்கு மணிக்கு மேல் யாரும் இறங்குவதில்லை, இருட்டினால் செடிக்குள் கரடி நிற்கும். கோத்தகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படுகர் சமூகத்தினரின் ஊர்களான ஹட்டிகளில் நிலைமை வேறு. அங்கே எல்லாரும் உறவு, சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஊரே கூடும். தனிமை இருக்காது என்று நினைத்தேன். இருக்கிறது, கௌரவத்துக்குள் ஒளிந்திருக்கிறது. வங்கிக் கடனில் தோட்டம் போனதை ஊருக்குச் சொல்ல முடியாத ஒரு பெரியவர் வீட்டுக்கு, ஜீப்காரர் ‘பழைய சிநேகிதன்’ என்ற பெயரில் மட்டுமே போய்வருகிறார். அங்கே பை எடுத்துப்போனால் கதை முடிந்தது.

பணத்துக்கு வருவோம். கல்யாண நாள், பெற்றோர் திதி என்று உள்ளூர்க்காரர்கள் தருவதுதான் பெரும்பகுதி. வருமான வரியில் 80ஜி சலுகைக்காகத் தந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். புதிய வரி முறையில் அந்தக் கழிவு கிடையாது, 2023க்குப் பிறகு, பழைய முறைதான் வேண்டும் என்று கேட்காதவர்களுக்கெல்லாம் அதுதான் பொது முறை. வெளிநாட்டுப் பணம் பெறும் பெரிய நிறுவனங்கள் முன்பு சிறியவர்களுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுக்கும். 2020இல் சட்டத்தைத் திருத்தி அதையும் தடை செய்துவிட்டார்கள். கம்பெனிகளின் இரண்டு சதவீத சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறது. ஆனால் அவர்கள் கேட்பது ‘எத்தனை பயனாளிகள், போட்டோ எங்கே’. உலக சுகாதார நிறுவனம் 2025இல் சொன்ன கணக்கு, ஆறில் ஒருவருக்குத் தனிமை, அதனோடு தொடர்புடைய மரணங்கள் ஆண்டுக்கு 8,71,000 என்பது. ஆசிரியை இதை மனப்பாடமாக வைத்திருக்கிறார், நன்கொடை கேட்கும் இடத்தில் உதவுமாம். போட்டோ மட்டும் எடுப்பதில்லை. ஒருமுறை ஒரு நன்கொடையாளர் போர்வை கொடுப்பதைப் படமெடுக்கக் கூடவே வந்துவிட்டார். பாட்டி ஒருவர் உள்ளே போய் நல்ல சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். அந்தச் சேலையைப் பார்த்ததும், இவர் ஏழையே இல்லை என்று நன்கொடையாளருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

முடியாத இடங்களும் இருக்கின்றன. குடியில் விழுந்த மகனோடு ஒரே அறையில் இருக்கும் அம்மாவுக்கு இவர்களால் அதிகம் செய்ய முடியவில்லை. ஞாபகம் தப்பிப்போகிறவர்களுக்கு வாரம் ஒருமுறை போவது எந்த மூலைக்கு? 14567 என்ற முதியோர் உதவி எண்ணைச் சுவரில் எழுதி வைக்கிறார்கள், சிக்னல் கிடைத்தால் பேசலாம். பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், 1999க்குப் பிறகு மலப்புறம் பக்கத்தில் அக்கம்பக்கத்தாரையே பழக்கி, படுத்துவிட்டவர்களைப் பார்க்கும் வேலையை ஊர்களின் வேலையாக்கியது. அங்கே ஊராட்சிகளும் பிறகு சேர்ந்துகொண்டன. இங்கே ஏழெட்டுப் பேர், அதிலும் பாதிப்பேருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. கண்டக்டருக்கே போன மாதம் முட்டிக்கு ஊசி போட்டார்கள்.

கடைசியாக நான் போன வியாழக்கிழமை மழை. பாட்டி கதவைத் திறந்ததும், “எங்க தம்பி, போன வாரம் பத்து நிமிசம் லேட்டு” என்றார். பணிக்கொடை மனுவுக்கு விசாரணைத் தேதி வந்திருந்தது. கடிதத்தை ஆசிரியை இரண்டு தடவை படித்துக் காட்டினார். குன்னூருக்கு எந்த பஸ், எங்கே இறங்குவது, மதியம் சாப்பாட்டுக்கு என்ன என்று பாட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். எஸ்டேட்டை விட்டு அவ்வளவு தூரம் போய்ப் பல வருடம் ஆகிவிட்டதாம். கிளம்பும்போது கண்டக்டர் நோட்டில் எழுதியது: ‘லயன் 11. சீட்டு ஜெராக்ஸ் 2. குடை. முதல் நாளே போய்ச் சொல்லணும். காலை 7.40 வண்டி, முன் சீட்டு.’